துணி காயப்போடும் கொடி

(ஒரு கிராமத்தில் நடந்த சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



எனக்கு முன் பேசிய தோழர் ஜாதி ஒழிப்பைப் பற்றி மிக விளக்கமாகப் பேசிவிட்டார். இனி நான் புதிதாக எதைச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது இவ்வூர் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் வீட்டில் துணி உலர்த்துகிற மிஷின் வாங்கவேண்டும் என்று என் மகன் பிடிவாதம் செய்கிறான். வாசலில் கொடி இருக்கும்போது மிஷின் எதற்கு என்று நான் சொல்லுகிறேன். உங்கள் கட்சி இதற்கு என்ன சொல்லுகிறது?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆதலால் அந்த அம்மையாருக்குப் பதில் சொல்லுவதையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்ளுகிறேன்.

இதென்ன, கடவுள், மதம், புராணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொடியில் துணி போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்று ஒரு மனிதன் வாழ்நாளில் நாலு தடவை யோசித்தால் அதிகம். துணியையோ தினம் உலர்த்துகிறான். தினம் செய்கிற காரியத்தில் அறிவைச் செலுத்தாதவன் பெரிய காரியத்தில் செலுத்துவான் என்பதற்கு என்ன ஆதாரம்? "உலர்த்துகிறான்" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. உலர்த்துகிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். இங்குள்ள ஆண் தோழர்களில் இன்று காலையில் வீட்டில் துணி காயப்போட்டுவிட்டு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். (கூட்டத்தில் சிரிப்பு.) மூன்று கைகள் தெரிகின்றன. அதில் ஒருவருக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரைத் தள்ளிவிட்டால் இரண்டு.

முதலில் யந்திரத்தைப் பற்றிய விஷயத்தை முடித்துவிடுகிறேன். யந்திரம் என்றால் பாவம், கையால் பாடுபடுவதே புண்ணியம் என்று சொல்லுகிற கூட்டம் நாமல்ல. ராட்டினத்தைச் சுற்றினால் சுயராஜ்யம் வரும் என்று சொன்ன காலத்திலேயே அதை மறுத்தவர்கள் நாம். "இனி வரும் உலகம்" என்று பெரியார் பேசியபோது, மனிதனுடைய பாட்டை யந்திரம் குறைக்கப்போகிறது என்பதை வரவேற்றே பேசினார். ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்ததும், அடித்துத் துவைக்கிற கல் போய் சலவை யந்திரம் வந்ததும் நம் பெண்களின் முதுகுக்கும் தோளுக்கும் கிடைத்த விடுதலையேயாகும். அதைக் குறை சொல்லுகிறவன் ஒரு நாளாவது எட்டுப்பேர் துணியைக் கல்லில் அடித்துப் பார்த்திருக்கமாட்டான். ஆகையால் உலர்த்துகிற யந்திரத்தையும் யந்திரம் என்பதற்காக நான் வெறுக்கவில்லை. அது என்ன செய்கிறது, அதற்கு என்ன செலவு, நமக்கு அது அவசியமா என்றுதான் கேட்கவேண்டும்.

அந்த யந்திரம் யாருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1892-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் ஜார்ஜ் சாம்ப்ஸன் என்னும் கறுப்பினத் தோழர், அடுப்பின் சூட்டைக்கொண்டு துணி உலர்த்தும் ஒரு சட்டத்தைச் செய்து அதற்குப் பேடண்ட் வாங்கினார். பிறகு வடக்கு டகோட்டா என்னும் கடுங்குளிர் மாகாணத்தில் ராஸ் மூர் என்பவர், பனிக்காலத்தில் தன் தாயார் வெளியில் போய் ஈரத்துணியைத் தொங்கவிட்டு விறைத்துப்போவதைப் பார்த்து, சுழலுகிற பீப்பாய் ஒன்றைச் செய்தார். அது சீர்திருத்தப்பட்டு 1938-இல் கடைக்கு வந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஜூன் டே". அதாவது ஜூன் மாதத்து நாள். அந்தக் குளிர் மாகாணத்தில் ஜூன் மாதத்தில் நல்ல வெயில் அடிக்கும். வெயில் இல்லாதவன் வெயிலுக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்து அதற்கு வெயிலின் பெயரையே வைத்தான். அவன் செய்தது முழுக்க நியாயம். நமக்கோ ஆண்டில் முக்கால்வாசி ஜூன்தான். ஜூனைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, ஜூன் என்று பெயர் வைத்த பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கி அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்பதே அம்மையாரின் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்குவதற்குச் சுமார் 2,260 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது ஏறக்குறைய 0.63 யூனிட். இது எந்தக் கம்பெனிக்காரனாலும் குறைக்க முடியாத இயற்கைக் கணக்கு. சலவை யந்திரத்தில் நன்றாகப் பிழிந்து எடுத்தாலும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளைத் துணியில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். அதன்மேல் துணியைச் சூடாக்குவது, இரும்பைச் சூடாக்குவது, குழாய் வழியாக வெளியே போகிற காற்றைச் சூடாக்குவது என்று இருக்கிறது. சாதாரண யந்திரம் ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து நாலு யூனிட் வரை தின்னும். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் இரண்டு மாதத்தில் முப்பது தடவை; தொண்ணூறு யூனிட். நம் மாகாணத்தில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று ஆக்கினார்கள். விளக்கு எரியவும், விசிறி சுழலவும், பிள்ளைகள் படிக்கவும் கொடுத்த அந்த நூறில் தொண்ணூறை, வெயில் சும்மா செய்கிற வேலைக்குக் கொடுத்துவிட்டு, மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டது என்று சர்க்காரைத் திட்டுவோம்.

இந்தப் பக்கம் வெயிலின் கணக்கு. உச்சிவெயில் நேராக விழுகிற இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் சக்தி வந்து விழுகிறது. ஒரு புடவையை முழுக்க விரித்தால் ஆறு சதுர மீட்டருக்கு மேல். அதாவது ஒரு புடவை விரித்த இடத்தில் 6,000 வாட். கடையில் விற்கிற யந்திரங்களில் பல 2,000, 3,000 வாட் சூட்டில் ஓடுகிறவை. கொடியில் மடித்துத் தொங்கவிடுகிறோம், வெயில் சாய்ந்து விழுகிறது, துணியில் பட்டது பாதி திரும்பிப் போகிறது என்று எவ்வளவு கழித்தாலும், கொடி தோற்பதற்கு இடமில்லை. இதற்குச் சூரியபகவானின் கிருபை ஒன்றும் காரணமல்ல. விடியற்காலையில் தண்ணீரை இறைத்து மந்திரம் சொல்லுகிறவன் வேட்டியும், எழுந்ததும் பீடி பற்ற வைக்கிறவன் வேட்டியும் ஒரே நேரத்தில்தான் காய்கின்றன.

காய்வது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு எனக்கு வசதியில்லாமல் போயிற்று. இதையெல்லாம் பிறகு பழைய புஸ்தகக் கடையில் வாங்கிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். துணியிலுள்ள தண்ணீர் காற்றில் ஆவியாய்ப் போகிறது. அதற்குச் சூடு வேண்டும். காற்று ஓட்டம் வேண்டும். அந்தக் காற்றில் ஏற்கனவே ஈரம் அதிகமில்லாமல் இருக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நாளெல்லாம் தொங்கினாலும் துணி சொதசொதவென்று இருப்பதற்குக் காரணம், காற்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருப்பதே. இருட்டின பிறகு குழந்தைத் துணி வெளியில் கிடந்தால் காத்துக்கருப்பு பிடிக்கும் என்கிறார்கள். இரவில் காற்று குளிரும். குளிர்ந்த காற்று அதிக ஈரத்தைத் தாங்காது. பனி இறங்கித் துணி மறுபடி நனையும். பூச்சி வந்து உட்காரும். ஆகவே இருட்டுவதற்கு முன் எடுப்பது நல்லதுதான். பேய்க்குப் பயந்து எடுக்கிறவள் அவசரமாகச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். மடிப்புக்குள் இருக்கிற வண்டும் கம்பளிப்பூச்சி மயிரும் குழந்தையின் உடம்புக்கு வருகின்றன. காரணம் தெரிந்தவள் இரண்டு உதறு உதறி எடுக்கிறாள். காரியம் ஒன்றுதானே, காரணம் எதுவாயிருந்தால் என்ன என்று நம்மிடம் வாதாடுகிற நண்பர்கள் அந்த வண்டைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வெயில் ஈரத்தை மாத்திரமா எடுக்கிறது? 1877-இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் கிருமிகள் வளரக்கூடிய கரைசலைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிச் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை மூடியும் வைத்துப் பார்த்தார்கள். மூடி வைத்தவை கலங்கிப்போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. வெளிச்சம் கிருமியைக் கொல்லும் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின்ஸென் என்னும் மருத்துவர் தோலில் வரும் க்ஷயத்தை ஒளியைக்கொண்டு குணப்படுத்தி, அதற்காக 1903-இல் நோபல் பரிசு பெற்றார். சோப்புப் போட்டுத் துவைப்பதற்குப் பதிலாக வெயிலில் போட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. துவைத்த பிறகு வெயிலில் போடுவது இன்னொரு காவல். மஞ்சள் கறையைப் பாருங்கள். எந்தச் சோப்புக்கும் போகாமல் அடம் பிடிக்கும். நல்ல வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் மங்கிப்போகும். மங்கலத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

நிற்க. இவ்வளவு லாபம் கொடியில் இருந்தும் மனிதன் ஏன் அதைவிட்டு ஓடப் பார்க்கிறான்? இங்கேதான் நம் இயக்கத்துக்கு வேலை இருக்கிறது.

அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள், வெளியில் கொடி கட்டித் துணி காயப்போடக்கூடாது என்று விதி செய்து வைத்திருக்கின்றன. பார்ப்பதற்கு அசிங்கமாம், ஏழைகள் குடியிருக்கிற இடம் என்று தோன்றுமாம், வீட்டு விலை விழுந்துவிடுமாம். இதை எதிர்த்து, துணி உலர்த்துவது எங்கள் உரிமை என்று ஜனங்கள் கிளர்ச்சி செய்யவேண்டியதாயிற்று. கனடாவில் ஆண்டாரியோ மாகாணத்தில் 2008-லும், அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் 2009-லும் இப்படிப்பட்ட தடை செல்லாது என்று சட்டமே செய்தார்கள். வெயிலில் வேட்டி காயப்போடச் சட்டசபை கூடவேண்டியிருந்தது என்றால் நாகரிகம் போகிற போக்கைப் பாருங்கள்.

அந்த வியாதி இங்கேயும் வந்துவிட்டது. பட்டணத்தில் என் சிநேகிதர் ஒருவர் அடுக்கு மாளிகையில் குடியிருக்கிறார். பால்கனியில் துணி தொங்கினால் அபராதம் என்று அங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மொட்டைமாடிக்குப் பூட்டு. வேறு வழியில்லாமல் அவர் யந்திரம் வாங்கிக் குளியலறைக்கு எதிரில் வைத்திருக்கிறார். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே பகலில் யந்திரம் கர்ரென்று ஓடுகிறது. அந்தச் சங்கத்துக் காரியதரிசி படித்தவர், நல்ல மனிதர். அவரிடம் நான், "ஐயா, துவைத்த துணியில் என்ன அசிங்கம் இருக்கிறது? துவைக்காத துணியை அல்லவோ தடுக்கவேண்டும்?" என்று கேட்டேன். அவர் என்னைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தி, "பெண்களுடைய உள் துணிகளெல்லாம் தெருவுக்குத் தெரிகிறது, அதனால்தான்" என்றார். ஆண்களுடைய அண்டர்வேர் தெருவுக்குத் தெரிவதைப் பற்றி யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

தோழர்களே! துணி எதற்காக யார் கண்ணில் படக்கூடாது, யார் கையில் படக்கூடாது என்கிற இந்தப் புத்தி அடுக்கு மாளிகையோடு பிறந்ததல்ல. அதற்கு மடி என்று பழைய பெயர் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு மளிகைக் கடையில் பையனாக இருந்தேன். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வைதிகமான ஒரு வீட்டின் பின்கட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் மூங்கில் கட்டி அதில் ஒரு துணியைக் காயப்போட்டிருப்பார்கள். அதைப் போடுவதும் எடுப்பதும் நீண்ட கோலால்தான். நாங்கள் சாமானை வைக்கிற இடம் வேறு. ஒருநாள் நான் போயிருந்தபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அந்த வீட்டுப் பாட்டியம்மாள் உள்ளே இருந்தார். துணி நனைகிறதே என்று நான் அங்கே சாய்த்திருந்த கோலை எடுத்து அந்தத் துணியை இறக்கிக் கையில் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவந்தேன். ஏதோ உபகாரம் செய்துவிட்டதாக என் எண்ணம். பாட்டியம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மழையில் நனைந்திருந்தால் அந்தத் துணிக்கு ஒரு கெடுதலுமில்லை. நனையாமல் காப்பாற்றிய என் கை பட்டதுதான் கெடுதல். கடைக்காரர் என்னை அடித்தார், அது பெரிதில்லை. அந்தப் பாட்டியம்மாள் எழுபது வயதில், மழையில், நடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அந்தத் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. என்னைத் தீண்டத்தகாதவனாக்கிய அதே சாஸ்திரம் அந்தக் கிழவியை ஈரத்துணியோடு நடுங்க வைத்தது. அவளும் அதை விரும்பி நம்பினாள் என்பதுதான் கொடுமை.

மடி என்பதற்கும் சுத்தம் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பட்டுக்குத் தீட்டில்லை என்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்து, கட்டி, வேர்த்து, மறுபடி பெட்டியில் வைத்து, மாதக் கணக்கில் தண்ணீர் காணாத பட்டு மடியாம். வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்து, ஆற்று மணலில் வெயிலில் உலர்த்தி, வெள்ளைவெளேரென்று வண்ணார் கொண்டுவந்து கொடுத்த துணி மடியில்லையாம். அதை மறுபடி தண்ணீரில் நனைத்துத்தான் கட்டவேண்டுமாம். அழுக்கை எடுத்தவனே அழுக்கு! இதைவிட நன்றிகெட்ட சித்தாந்தம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இதைக் கேட்டு, அக்கிரகாரத்தைத் திட்டுகிறான் என்று நம்மவர்கள் கை தட்டிவிட்டுப் போகவேண்டாம். நம் யோக்கியதையையும் பார்ப்போம். திருநெல்வேலி ஜில்லாவில் புதிரை வண்ணார் என்னும் மக்களைப் பற்றி 1932 டிசம்பரில் பத்திரிகையில் செய்தி வந்தது. தீண்டாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் துணி வெளுக்கிறவர்கள் அவர்கள். தொட்டால் தீட்டு என்பது போதாமல், அவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று வைத்திருந்தார்கள். பகலில் அவர்கள் வெளியே வரக்கூடாது. நடுநிசிக்குமேல் விடிவதற்குள் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். துணி வெளுக்கிறவனுக்கு வெயில் கிடையாது என்று ஒரு சமூகம் தீர்ப்பு எழுதியிருந்தது, தோழர்களே. பிரசவத் துணி, மாதவிலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில். கூலி, வீடுவீடாய்ப் போய்க் கேட்கிற பழைய சோறு. அவர்களுக்கு நலவாரியம் என்று ஒன்று ஏற்பட 2009 வரையில் ஆயிற்று. அவர்களை இந்தக் கதிக்கு வைத்திருந்ததில் எல்லா ஜாதிக்கும் பங்கு உண்டு. எங்கள் ஜாதிக்கும் உண்டு.

இனித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் பொதுக்கூட்டத்தில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அப்படிச் சுளிப்பதால்தான் பேசுகிறேன்.

என் தமக்கைக்குப் பத்து வருஷத்துக்கு முன் அடிக்கடி உடம்புக்கு வரும். அடிவயிற்றில் வலி, அரிப்பு, காய்ச்சல். யாரிடமும் சொல்லமாட்டார். அம்மாவிடம் சொன்னதற்கு அம்மன் குற்றம் என்று பூசாரியிடம் அழைத்துப்போய் வேப்பிலை அடித்தார்கள். நான் ஊர் ஊராய்ப் போய் மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்; என் வீட்டில் வேப்பிலை அடித்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அங்கிருந்த லேடி டாக்டர் சோதித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "மாதவிலக்குத் துணியை எங்கே காயப்போடுகிறாய்?" என்பது. தமக்கை தலை குனிந்துகொண்டார். மாட்டுக்கொட்டகைக்குள், சாக்குக்கு அடியில். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று அம்மாவுக்கு அவர் தாயார் சொல்லிக் கொடுத்தது. அம்மா இவருக்குச் சொல்லிக் கொடுத்தது. சாணி நாற்றத்திலும் ஈரத்திலும் பாதி காய்ந்த துணியை மறுமாதம் எடுத்து உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் மருந்து கொடுத்தார். சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போடு, இல்லாவிட்டால் மருந்து வீண் என்றும் சொன்னார்.

இது என் வீட்டு விஷயம் மாத்திரமல்ல. ஒரிசாவில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்த பெண்களை விசாரித்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2018-இல் வெளியாயிற்று. துணியைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கிறவர்களில், அதை வீட்டுக்குள்ளேயே உலர்த்துகிறவர்களிடம் காண்டிடா என்னும் பூஞ்சைக் கிருமி அதிகமாகக் காணப்பட்டது. கடையில் பட்டை விற்கிறதே, இன்னும் யார் துணி உபயோகிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப்பேர் துணியும் உபயோகிப்பதாகத் தெரியவந்தது. கோயமுத்தூர்த் தோழர் முருகானந்தம் 1998-இல் தம் மனைவி கந்தலை மறைத்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் மலிவான பட்டை செய்யும் யந்திரத்துக்குப் பாடுபட ஆரம்பித்தார். அது யந்திரம்! வாழ்த்துவோம். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருகிற வரையிலும், சேர்ந்த பிறகும் துணியே போதும் என்கிறவர்களுக்கும், வாசலில் அடிக்கிற வெயிலை ஏன் மறுக்கவேண்டும்? புதிரை வண்ணாருக்கு வெயில் கூடாது. பெண்ணின் துணிக்கும் வெயில் கூடாது. இரண்டு தீர்ப்பையும் எழுதிய கை ஒன்றேதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான் முற்றத்தில் நைலான் கயிறு வாங்கிக் கட்டினேன். தமக்கைக்கு அதில் போடக் கை வரவில்லை. முதல் மாதம் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். மூடினால் வெயில் எப்படிப் படும்? மறுமாதம் நானே எடுத்துப் போட்டேன். அம்மா, "ஆம்பிளை தொடுகிற சாமானா அது? குடும்ப மானம் போச்சு" என்று எட்டு நாள் என்னுடன் பேசவில்லை. தமக்கைக்கு உடம்பு தேறிற்று. அம்மா இன்றைக்கும் பெண்கள் துணியைச் சுவர்ப் பக்கத்துக் கொடியில்தான் போடுகிறார். எழுபது வருஷத்துப் பழக்கம். ஒரே நாளில் போகாது. ஆனால் அந்தச் சுவரில் மத்தியானம் மூன்று மணி வரையில் வெயில் அடிக்கும். அதனால் நான் ஒன்றும் சொல்லுவதில்லை.

இப்போது அம்மையாரின் மகனுக்கு வருவோம். அவர் யந்திரம் கேட்பது எதனால் என்று விசாரியுங்கள். தாயார் கை வலியோடு துணி பிழிந்து உயரக் கொடியில் போடுவதைப் பார்த்துக் கேட்கிறார் என்றால் அவர் நல்ல பிள்ளை. அதற்கு மூவாயிரம் வாட் யந்திரம் வேண்டாம். கொடியை இரண்டு சாண் இறக்கிக் கட்டிவிட்டு, காலையில் கால்மணி நேரம் அவரே துணியை உதறிப் போட்டால் போதும். கௌரவத்துக்காகக் கேட்கிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் வெயிலோ காற்றோ வர இடமில்லை, படுக்கையில் கிடக்கிற நோயாளியின் துணி நாளைக்கு நாலு தடவை மாற்றவேண்டியிருக்கிறது என்றால், தாராளமாக வாங்குங்கள். ஹீட் பம்ப் என்று ஒருவகை இருக்கிறது. விலை அதிகம், மின்சாரம் குறைவாகப் பிடிக்கும். எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் அதன் வலையில் சேருகிற பஞ்சை எடுத்துவிடவேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையில் எடுத்த கணக்கில், இந்த யந்திரத்தால் வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். பஞ்சை எடுக்காததே அதில் முதல் காரணம்.

கொடி கட்டுவதிலும் உயிர் போகிற காரியம் ஒன்று உண்டு. இரும்புக் கம்பியிலோ ஒயரிலோ கொடி கட்டாதீர்கள். மின்சாரக் கம்பத்திலும், தகரக் கொட்டகைக் காலிலும், சர்வீஸ் ஒயர் வருகிற குழாயிலும் கொடியைக் கட்டாதீர்கள். ஒயர் தேய்ந்து கம்பியில் மின்சாரம் ஏறினால், ஈரத்துணியை எடுத்துப் போடுகிறவள் அங்கேயே போய்விடுவாள். அவளைத் தூக்கப் போகிறவனும் போய்விடுவான். அப்படிச் சாகிற செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பத்திரிகையில் படிக்கிறோம். அதைத் தலைவிதி என்று சொல்லி அழுதுவிட்டு, மறுபடி அதே கம்பியில் துணி போடுகிறோம். நைலான் கயிறோ சணல் கயிறோ கட்டுங்கள். சாயத் துணியைத் திருப்பிப் போடுங்கள், வெளுக்காது. துணிக்குத் துணி நாலு விரல் இடம் விடுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் போடவேண்டி வந்தால் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள். மூடின அறையில் போட்டால் அந்த ஈரம் சுவரில் ஏறிப் பூசணம் பிடிக்கும்.

(இவ்விடத்தில் கூட்டத்திலிருந்த ஒரு தோழர் எழுந்து, "நீங்கள் சொல்லுகிறபடி பெண்கள் துணியை ஆண் எடுத்து வாசலில் காயப்போட்டால் ஊர் சிரிக்காதா?" என்று கேட்டார்.)

சிரிக்கும் தோழரே. எங்கள் தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து நாலுபேரைக் கூட்டி வைத்துக்கொண்டே சிரித்தார். இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் அவர் தனியாக வந்து, கொடியில் மாட்டுகிற அந்தக் கிளிப் எங்கே வாங்கினாய் என்று கேட்டார். சந்தையில் டஜன் முப்பது ரூபாய் என்று சொன்னேன். இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு வந்தார்.